வீட்டில் எடுக்கும் அளவை அந்தப் பக்கம் யார் பார்க்கிறார்கள்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் போதுமான அளவு ரத்தத்தை இறைக்க முடியாத இதயச் செயலிழப்பு. கூடவே சர்க்கரை, பிபி. மூச்சுத்திணறலோடு அட்மிட் ஆகி, உடம்பில் தேங்கிய நீரெல்லாம் வடிந்து வீடு திரும்பும்போது எடை மெஷின், பிபி மெஷின், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஒரு டேப்லெட் கணினி என்று ஒரு பெட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். "தினமும் அளந்து அனுப்புங்கள், நாங்கள் இங்கிருந்து பார்த்துக்கொள்கிறோம்" என்கிறது மருத்துவமனை. அப்பா வேண்டாம் என்கிறார். அம்மா, இருந்தால் நிம்மதி என்கிறார். இதில் இருந்த நோயாளிகளுக்கு இது உண்மையில் எப்படி இருந்தது, டாக்டர்களும் நர்ஸ்களும் உள்ளுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இதயப் பிரிவு வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, இப்படி வீடுகளிலிருந்து வரும் அளவுகளைத் திரையில் பார்க்கும் வேலைக்கு மாறியிருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்துப் புலம்பலும் காதில் விழுந்திருக்கிறது. நான் பார்த்தவரையில் பெட்டிக்குள் என்ன கருவி இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமில்லை. அளவு போய்ச் சேரும் இடத்தில் யார் இருக்கிறார், எத்தனை மணிக்குப் பார்க்கிறார், பார்த்ததும் மருந்தை மாற்ற அவருக்கு அதிகாரம் உண்டா என்பதில்தான் நல்ல அனுபவமும் கசப்பான அனுபவமும் பிரிகின்றன.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. இரண்டு பெரிய ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2010இல் வெளிவந்த டெலி-எச்எஃப் என்ற அமெரிக்க ஆய்வில் ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகள் 1,653 பேர். ஒரு பாதியினர் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டு, தங்கள் எடையையும் தொந்தரவுகளையும் பொத்தானை அழுத்திப் பதிய வேண்டும். அந்தந்த மருத்துவமனை ஆட்கள் பிறகு அதைப் பார்ப்பார்கள். ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தால், மறுபடி அட்மிட் ஆனதிலோ இறந்ததிலோ இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. 100க்கு 14 பேர் அந்த எண்ணை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. கடைசி வாரத்தில், வாரம் மூன்று முறையாவது கூப்பிட்டவர்கள் பாதியைச் சற்றுத் தாண்டியவர்கள்தான்.

அடுத்தது 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த டிம்-எச்எஃப்2 என்ற ஜெர்மன் ஆய்வு. 1,571 நோயாளிகள். எடை, பிபி, ஈசிஜி, ஆக்சிஜன் அளவு எல்லாம் தினமும் பெர்லினில் உள்ள ஷாரிட்டே மருத்துவமனையின் மையத்துக்குப் போயின. அங்கே இரவும் பகலும் டாக்டரும் நர்ஸும் இருந்தார்கள். மருந்தை மாற்றச் சொன்னார்கள், தேவைப்பட்டால் அட்மிட் ஆகச் சொன்னார்கள், மாதம் ஒருமுறை அவர்களாகவே நோயாளியைக் கூப்பிட்டுப் பேசினார்கள். எதிர்பாராமல் இதயக் கோளாறுக்காக மருத்துவமனையில் கிடந்தோ இறந்தோ இழந்த நாட்கள் என்று கணக்கிட்டால், சாதாரண சிகிச்சையில் இருந்தவர்களுக்கு வருடத்துக்குச் சுமார் 24. கண்காணிப்பில் இருந்தவர்களுக்குச் சுமார் 18. இறப்பும் குறைந்தது. ஜெர்மனி 2020 டிசம்பரில் தீவிர இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இதைப் பொதுக் காப்பீட்டுக்குள் கொண்டுவரத் தீர்மானித்ததற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இரண்டுக்கும் வேறு வேறுபாடுகளும் உண்டு, மறைக்கவில்லை. ஜெர்மன் குழு கடும் மனச்சோர்வு உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதே குழு முன்பு செய்து 2011இல் வெளியிட்ட முதல் ஆய்வில் இறப்பு குறையவில்லை. யாருக்குப் பலன் கிடைக்கக்கூடும் என்று அதிலிருந்து கற்றுக்கொண்டுதான் இரண்டாவதை வடிவமைத்தார்கள். ஆனாலும் உங்களுக்குத் தேவையான செய்தி இதில் இருக்கிறது. தினமும் எடை பார்ப்பது இரண்டிலும் இருந்தது. எடை ஏறியது தெரிந்த உடனே எதையாவது செய்ய ஆள் இருந்தது ஒன்றில்தான்.

இனி நோயாளிகள் பக்கம். பெட்டி வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் பெரும்பாலானவர்கள் சொல்வது நிம்மதியைப் பற்றித்தான். ஹார்ட் ஃபெயிலியரில் ஒருமுறை மூச்சு முட்டி ராத்திரியில் எழுந்து உட்கார்ந்தவருக்கு, அடுத்த ராத்திரி எப்போது அப்படி ஆகும் என்ற பயம் போகாது. காலையில் எடை நேற்றைப் போலவே இருக்கிறது என்று பார்ப்பது அந்தப் பயத்துக்கு ஒரு பிடி கொடுக்கிறது. தனியாக வசிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். மருந்தைக் கேட்கவும் கால் வீக்கத்தைச் சொல்லவும் கூச்சப்பட்டுக்கொண்டு, "டாக்டரை எதற்குத் தொந்தரவு செய்வது" என்று தள்ளிப்போடுகிறவர்கள் எத்தனையோ பேர். காட்டுவதற்கு ஓர் அளவு கையில் இருந்தால் கூப்பிடும் தைரியம் வருகிறது. ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதியில் சிஓபிடி என்ற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் 256 பேரை வைத்து நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வில் இது நன்றாகத் தெரிந்தது. மருத்துவமனையில் சேர்வதைக் கண்காணிப்பு தள்ளிப்போடவில்லை. அந்த விதத்தில் தோல்விதான். ஆனால் நோயாளிகளிடம் தனியாகப் பேசியபோது அவர்களுக்கு அது பிடித்திருந்தது. டாக்டரைக் கூப்பிட ஒரு நியாயம் கிடைத்தது என்றார்கள். அதே ஆய்வில் மருத்துவக் குழுவினர் கவலைப்பட்டது வேறொன்றுக்காக: இவர்கள் இனி தங்கள் உடம்பைத் தாங்களே கவனிக்காமல் எங்களையே நம்பி இருந்துவிடுவார்களோ என்று. ஒரே பெட்டி, ஒருவருக்கு நெருக்கம், இன்னொருவருக்குச் சார்பு.

இன்னொரு நல்ல அனுபவம், உடம்பைப் படிக்கக் கற்றுக்கொள்வது. உப்பு தூக்கலாகச் சாப்பிட்ட மறுநாள் எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருப்பதை ஒருவர் தன் கண்ணால் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு உப்பைப் பற்றி நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. சர்க்கரைக்காரர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரிலும் இதே கதை. விரலைக் குத்தி ஒரு நாளில் மூன்று எண் பார்த்தவருக்கு, 24 மணி நேரமும் ஓடும் கோட்டைப் பார்ப்பது கண்ணைத் திறந்த மாதிரி இருக்கும். 2019இல் வந்த சர்வதேசப் பரிந்துரை, பெரும்பாலான நோயாளிகளுக்கு நாளில் 70 சதவீத நேரமாவது சர்க்கரை அளவு 70க்கும் 180க்கும் நடுவில் இருக்கட்டும் என்கிறது; முதியவர்களுக்கும் தாழ்சர்க்கரை ஆபத்து உள்ளவர்களுக்கும் 50 சதவீதம் போதும் என்று தளர்த்தியும் இருக்கிறது. உங்கள் அப்பா எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளாமல் வீட்டில் யாரும் அவரை அந்த 70 சதவீதத்துக்கு விரட்டாதீர்கள்.

கசப்பு எங்கே தொடங்குகிறது என்றால், அளப்பதும் ஒரு வேலை என்பது மெல்லப் புரியும் இடத்தில். காலையில் எழுந்ததும், சாப்பிடுவதற்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு, அதே மாதிரி உடையில் எடை பார்க்க வேண்டும். பிபி என்றால் ஐந்து நிமிடம் பேசாமல் முதுகு சாய்த்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, இரண்டு தடவை எடுக்க வேண்டும். இதோடு சார்ஜ் போடுவது, ப்ளூடூத் துண்டித்துக்கொண்டால் மறுபடி இணைப்பது, ஆப் புதுப்பிக்கச் சொல்லி நிற்பது. ஏற்கனவே வேளைக்கு வேளை மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை என்று இருப்பவருக்கு இது இன்னொரு வேலை. சிகிச்சையே நோயாளிக்குச் சுமையாகிவிடக் கூடாது, அவர் வாழ்க்கையைக் குறைவாகக் குலைக்கும் மருத்துவம் வேண்டும் என்று கார்ல் மே, விக்டர் மோன்டோரி, ஃபிரான்சஸ் மெயர் மூவரும் 2009இல் பிஎம்ஜே இதழில் எழுதியது இப்படிப்பட்டவர்களை மனதில் வைத்துத்தான். பல வீடுகளில் இந்த வேலையைச் செய்வது நோயாளியே இல்லை, மனைவி. அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் உண்டு. அவரிடம் "உங்களால் முடியுமா" என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் வீட்டில் நிம்மதி என்று சொல்வது அம்மா என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அம்மாவுக்கு இதனால் எத்தனை வேலை கூடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தனி ரகம். பிபி 148 வந்தால் மறுபடி எடுப்பார்கள், பதற்றத்தில் 156 வரும், மறுபடி எடுப்பார்கள், 170. திரையில் நாங்கள் பார்ப்பது பத்து நிமிடத்துக்குள் ஏழு அளவுகள். அந்த பிபியை மருந்தைவிடப் பேச்சுதான் இறக்கும். இன்னொரு பக்கம், நல்ல எண்ணாகப் பார்த்து அனுப்புகிறவர்கள். விருந்துக்கு மறுநாள் எடை மெஷின் பக்கமே போகாதவர்கள். இதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பரீட்சைத் தாளை அப்பாவிடம் காட்டப் பயப்படும் பிள்ளையைப் போல, எண் கூடினால் திட்டு விழும் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. நாங்கள் பேசும் தொனியும் சில நேரம் அப்படித்தான் இருக்கிறது. "ஏன் ஏறியிருக்கிறது?" என்று தொடங்கும் நர்ஸுக்கும் "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று தொடங்கும் நர்ஸுக்கும் ஒரே நோயாளி இரண்டு விதமான பதில் சொல்வார்.

குடும்பத்துக்குள்ளேயே இந்தப் போலீஸ் வேலை நடப்பதும் உண்டு. சர்க்கரை சென்சாரின் அளவைப் பிள்ளைகள் தங்கள் போனிலேயே பார்க்கும் வசதி வந்துவிட்டது. இது முதலில் பெற்றோர்களின் தேவையாகத்தான் பிறந்தது. டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைகளின் அளவைத் தூரத்திலிருந்து பார்க்க வழியில்லாத காலத்தில், 2013 வாக்கில் நிரல் எழுதத் தெரிந்த சில பெற்றோர் தாங்களாகவே கட்டியதுதான் நைட்ஸ்கவுட் என்ற மென்பொருள். நிறுவனங்கள் கொண்டுவரும்வரை காத்திருக்க மாட்டோம் என்பதே அவர்கள் முழக்கம். இரவில் பிள்ளையின் சர்க்கரை இறங்கினால் எழுப்பிவிடும் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தப் பெற்றோரைக் கேட்டால் தெரியும். அதே வசதி எழுபது வயது அப்பாவிடம் திரும்பும்போது கதை மாறுகிறது. அலுவலகத்தில் இருக்கும் மகனுக்கு 210 என்று போனில் தெரிந்து, "என்ன சாப்பிட்டீங்க?" என்று உடனே கேட்டால், இரண்டாவது வாரம் சென்சார் "தானாகக் கழன்று" விழும். யார் எதைப் பார்க்கலாம், எந்த அளவு வந்தால் மட்டும் கூப்பிடலாம் என்று அப்பாவோடு முன்பே பேசி வைப்பது நல்லது.

அப்பா ஏன் வேண்டாம் என்கிறார் என்பதற்கு நீங்கள் காரணம் எழுதவில்லை. இங்கிலாந்தில் 2008இல் ஹோல் சிஸ்டம் டெமான்ஸ்ட்ரேட்டர் என்ற பெயரில் ஒரு பெரிய பரிசோதனையைத் தொடங்கினார்கள். சர்க்கரை, சிஓபிடி, ஹார்ட் ஃபெயிலியர் உள்ள 3,230 பேர். அதில் சேர மறுத்தவர்களையும் பாதியில் விலகியவர்களையும் ஓர் ஆய்வுக் குழு போய்ப் பார்த்துப் பேசியது. கருவியை இயக்கத் தெரியாதோ என்ற பயம் ஒன்று. இதுவரை இருந்த டாக்டர், நர்ஸ் உறவு போய்விடுமோ என்பது இன்னொன்று. எல்லாவற்றையும்விட, "நான் அவ்வளவு சீக்காளி இல்லை, என்னை நானே பார்த்துக்கொள்கிறவன்" என்ற எண்ணத்தை அந்தப் பெட்டி குலைக்கிறது என்பது. எனக்கு இது மிகவும் பழகிய பேச்சு. கூடத்தில் மேசை மேல் பெட்டி இருந்தால் வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்பார்கள். படுக்கையறைக்குள் வைத்தால் சிலர் ஒத்துக்கொள்வார்கள். இப்படிப்பட்டவரிடம் ஆபத்தைச் சொல்லிப் பயமுறுத்தி வேலையாகாது. அளவை முதலில் பார்ப்பது அவர், முடிவெடுக்கத் தொடங்குவதும் அவர், மற்றவர்களுக்குப் போவது பிறகு என்று ஏற்பாடு இருந்தால் சிலர் மனம் மாறுகிறார்கள். மாறாதவர்களும் உண்டு, அவர்களுக்கான வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த இங்கிலாந்துப் பரிசோதனையின் முடிவையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் அதன் பாதிதான் வரும். ஒரு வருடத்தில் இறந்தவர்கள் கண்காணிப்பில் 4.6 சதவீதம், இல்லாதவர்களில் 8.3 சதவீதம். இது மேற்கோள் காட்டப்படும் பாதி. வாழ்க்கைத் தரத்திலோ மனநிலையிலோ முன்னேற்றம் தெரியவில்லை, செலவுக்கேற்ற பலன் என்று சொல்லவும் முடியவில்லை என்பது மறுபாதி.

இப்போது திரையின் இந்தப் பக்கம். நோயாளிகளில் பலர் நம்புவது: யாரோ ஒருவர் எப்போதும் தன் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பெரும்பாலான இடங்களில் நிலைமை வேறு. வேலை நாட்களில் காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை ஒரு நர்ஸ் பட்டியலைத் திறக்கிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அனுப்பிய ஆக்சிஜன் அளவு திங்கள்கிழமை காலைதான் கண்ணில் படும். ஆப்பின் ஏதோ ஒரு மூலையில் "இது அவசர சேவை இல்லை" என்று எழுதியிருக்கும்; அதைப் படித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இந்த வேலையில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். பெட்டி இல்லாவிட்டால் மூச்சு முட்டியதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார். பெட்டி இருப்பதால், "அனுப்பிவிட்டேன், அவர்கள் கூப்பிடுவார்கள்" என்று காத்திருக்கிறார். டாக்டர்களின் பயமும் இங்கேதான். வந்து சேர்ந்து, பார்க்கப்படாமல் கிடந்த எண்ணுக்கு யார் பொறுப்பு? இதற்குத் தெளிவான விடை எழுதி வைக்காத இடங்களில் டாக்டர்கள் இதில் சேரவே தயங்குகிறார்கள்; அது சோம்பல் இல்லை.

அடுத்தது அலர்ட். எடைக்கு வழக்கமான எல்லை, மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அலர்ட் என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. நடப்பில் நேற்று 71 கிலோ, இன்று 19 கிலோ என்று வரும்; பேரப்பிள்ளை ஏறி நின்றிருக்கும். மெஷினைக் கம்பள விரிப்பின் மேல் வைத்திருப்பார்கள். விரல் சில்லிட்டுப் போயிருந்தால் ஆக்சிமீட்டர் 84 காட்டும். சென்சார் ஒட்டிய கையின் மேலேயே படுத்துத் தூங்கினால் சர்க்கரை சரிந்தது போலக் காட்டி நடு ராத்திரியில் வீட்டையே எழுப்பும். இப்படி வருவதில் பெரும்பகுதி ஒன்றுமில்லாததாக இருக்கும்போது, உண்மையான ஒன்று அதற்குள் ஒளிந்துகொள்கிறது. மறுபடி மறுபடி சத்தம் கேட்டு மனம் மரத்துப்போவது தீவிர சிகிச்சைப் பிரிவில் பழைய பிரச்சினை. இப்போது அது வீடு வரை நீண்டிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே எல்லை வைக்காமல் ஆளுக்கேற்ப மாற்றினால் பாதித் தலைவலி குறையும். ஆனால் அப்படி மாற்ற ஒவ்வொருவரையும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும்.

வராத அளவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தினமும் அனுப்பிக்கொண்டிருந்தவர் மூன்று நாள் அனுப்பவில்லை என்றால், எனக்கு அது சிவப்பு அலர்ட்டைவிடப் பெரிய செய்தி. ஊருக்குப் போயிருக்கலாம். படுத்த படுக்கையாகவும் ஆகியிருக்கலாம், மனசு விட்டுப்போயிருக்கலாம். மோசமாகிறவர்கள் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து நழுவுகிறார்கள். இதைக் கவனிக்க மென்பொருளில் ஒரு வசதி இருக்கும். அது முடக்கி வைக்கப்பட்டிருக்கும், ஏனென்றால் அதுவும் நிறைய அலர்ட் தரும்.

நல்ல நர்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில்லை, போனை எடுக்கிறார். ஒரே மூச்சில் ஒரு வாக்கியத்தை முடிக்க முடிகிறதா, நடுவில் நிற்கிறதா என்பதைக் காதால் கேட்கிறார். ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள், செருப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்கிறார். ஆறு மாதம் தினமும் ஒருவர் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு வாரம் ஒருமுறை பேசினால், வார்டில் பழகியவர்களைவிட நெருக்கமாகிவிடுவதும் உண்டு. தூரத்திலிருந்து பார்ப்பதால் மனிதத் தொடர்பு போய்விடும் என்று தொடக்கத்தில் நாங்களும் நினைத்தோம். போவது தொடர்பு அல்ல, தொட்டுப் பார்ப்பது. காலை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்க முடியாது. கழுத்து நரம்பைப் பார்க்க முடியாது. சமையலறையில் மாத்திரை டப்பா திறக்காமல் கிடப்பதைப் பார்க்க முடியாது. வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பழகிய நர்ஸ்களுக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. அவர்கள் சொல்வது சரிதான்.

டாக்டர்களுக்குள் கருத்து ஒன்றுபோல் இல்லை. இதய டாக்டருக்கு மூன்று மாதக் கோடு பிடிக்கும்; வீட்டு பிபி தெரிந்தால் மருந்தை ஏற்றுவதற்கு அடுத்த வருகை வரை காத்திருக்க வேண்டாம். குடும்ப டாக்டருக்கு அதே கோடு, யாரோ தொடங்கிய திட்டத்திலிருந்து தன் தலையில் விழும் இன்னொரு வேலை. பெரும்பாலும் அது நோயாளியின் வழக்கமான பதிவேட்டுக்குள் வராது. வேறொரு தளம், வேறொரு கடவுச்சொல். அதனால்தான் நோயாளி மூன்று மாதம் விடாமல் அளந்துகொண்டு போய் நிற்கும்போது டாக்டர் அதைத் திறக்காமலே மருந்து எழுதுகிறார். நோயாளிகள் சொல்லும் மனவருத்தங்களில் இதற்கு இணையானது இல்லை. ஒருமுறை அப்படி நடந்தால் அடுத்த மாதம் அவர் அளக்கும் நாட்கள் பாதியாகக் குறையும்.

பணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதும் அனுபவத்தை மாற்றும். மெடிகேர் என்ற அமெரிக்காவின் முதியோருக்கான அரசுக் காப்பீட்டில், 30 நாளில் குறைந்தது 16 நாள் அளவு வந்தால்தான் கருவிக்கான பில் போடலாம் என்ற விதி பல வருடம் இருந்தது. நோயாளிக்குத் தினமும் அளப்பது தேவையா என்ற கேள்வி அங்கே எங்கே நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிபிக்கு மட்டும் விஷயம் எளிது. 2018இல் லான்செட்டில் வந்த டாஸ்மின்எச்4 என்ற பிரிட்டிஷ் ஆய்வில் 1,182 பேர். வீட்டில் எடுத்த அளவைக் குடும்ப டாக்டர் பார்த்து மருந்தை மாற்றினார். ஒரு வருடத்தில் மேல் அளவு வழக்கமான சிகிச்சையில் சுமார் 140. வீட்டில் எடுத்துக் காகிதத்தில் எழுதி அனுப்பியவர்களுக்கு 137. போன் வழியாக அனுப்பியவர்களுக்கு 136. கடைசி இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்திருக்கின்றன. போன் வழி அனுப்பியவர்கள் இலக்கைக் கொஞ்சம் சீக்கிரம் எட்டினார்கள், அவ்வளவுதான். வீட்டில் எடுக்கும்போது எல்லை 135/85 என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மருத்துவமனையில் சொல்லும் 140/90 இங்கே பொருந்தாது.

எடையைவிட நம்பகமான வழி உடம்புக்குள்ளேயே இருக்கிறது. நுரையீரல் ரத்தக்குழாயில் பொருத்தும் கார்டியோமெம்ஸ் என்ற சிறு சென்சார், எடை ஏறுவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் முன்பே ஏறும் அழுத்தத்தைக் காட்டும். 550 பேரை வைத்து நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில் ஆறு மாதத்தில் ஹார்ட் ஃபெயிலியருக்காக அட்மிட் ஆவது 28 சதவீதம் குறைந்தது. எல்லாருக்கும் உகந்ததல்ல, அப்பா அடிக்கடி அட்மிட் ஆகிறவர் என்றால் டாக்டரிடம் கேட்டு வைக்கலாம். பேஸ்மேக்கரோ, ஆபத்தான இதயத் துடிப்பை மின் அதிர்வால் சரிசெய்யும் ஐசிடி கருவியோ இருந்தால் அதன் அளவுகள் படுக்கைக்குப் பக்கத்துக் கருவி வழியாகத் தானாகவே போய்விடும்; நோயாளிக்கு வேலை இல்லை. ஆனால் என்ன போகிறது, யார் பார்க்கிறார் என்பதும் அவருக்குத் தெரிவதில்லை.

ஆக்சிமீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கருத்த தோல் உள்ளவர்களுக்கு அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு அதிகம். 2020இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. 94 காட்டுகிறது என்பதற்காக மூச்சு வாங்குவதைப் பொருட்படுத்தாமல் விடாதீர்கள். எண்ணா, மூச்சா என்று வந்தால் மூச்சை நம்புங்கள்.

ஒத்துக்கொள்வதற்கு முன் மருத்துவமனையில் சில விஷயங்களை நேராகக் கேளுங்கள். அளவை எத்தனை மணிக்கு, வாரத்தில் எந்த நாட்களில் பார்க்கிறார்கள்? பார்ப்பவர் நீர் மாத்திரையின் அளவை அவரே கூட்டலாமா, டாக்டரைத் தேடிப் பிடிக்க வேண்டுமா? ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் எந்த எண்ணைக் கூப்பிடுவது? மூன்று நாள் அளவு போகாவிட்டால் யாராவது கூப்பிடுவார்களா? அடுத்த வருகையின்போது டாக்டர் இதைத் திறந்து பார்ப்பாரா? இதற்கெல்லாம் சட்டென்று பதில் வந்தால், அப்பாவிடம் இன்னொருமுறை பேசிப் பார்க்கலாம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு வரும் முதல் இரண்டு மூன்று மாதங்கள்தான் மறுபடி அட்மிட் ஆகும் ஆபத்து அதிகமுள்ள காலம். எப்போது நிறுத்துவது என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். உடம்பு நிலைப்பட்ட பிறகும் வருடக்கணக்கில் தினமும் அளக்கச் சொல்லும் திட்டங்களில், ஒருநாள் பெட்டியைத் திருப்பி வாங்கும்போது கைவிட்டுவிட்டார்கள் என்று அழுதவர்கள் உண்டு. தினமும் என்பதை வாரம் மூன்று, பிறகு வாரம் ஒன்று என்று குறைத்துக்கொண்டே போவது நல்லது.

"அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்ற பதில்தான் வருகிறது என்றாலோ, அப்பா கடைசிவரை மாட்டேன் என்றாலோ, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சாதாரண எடை மெஷின் ஒன்று, ஒரு நோட்டு, அதன் முதல் பக்கத்தில் டாக்டர் கையெழுத்தோடு இரண்டு வரி: மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் மாத்திரை எவ்வளவு கூட்ட வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று. படுத்தால் மூச்சு முட்டினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ எதையும் அளந்துகொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும் என்பதை அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.